‘மருத்துவப் பிழைக் காயம்’ அன்று, மருத்துவவழிக் காயம்

ஸ்கேன் அறிக்கைகளைத் தமிழாக்குவோர் பலர் ‘அயட்ரோஜெனிக்’ என்ற சொல்லைக் கண்டதுமே ‘மருத்துவப் பிழையால் ஏற்பட்ட’ என்று எழுதிவிடுகிறார்கள். அறிக்கையைப் படிக்கும் குடும்பத்தாருக்கும் மருத்துவருக்கும் ஒருசேர அநீதி இழைக்கும் தவறு இது.

கிரேக்கத்தில் ‘இயாட்ரோஸ்’ என்றால் மருத்துவர். ‘ஜெனிக்’ என்னும் ஈறு பிறப்பைக் குறிக்கும். மருத்துவரின் பேச்சாலேயே நோயாளிக்கு மூண்ட மனக்கோளாறுகளைச் சுட்ட 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வழங்கிய இச்சொல், பின்னர் பரிசோதனையாலும் சிகிச்சையாலும் விளையும் எல்லாத் தீங்குகளையும் தழுவியது. பிழை என்ற பொருள் இதற்குள் இல்லை.

மூச்சுக்குழலில் நேரும் காயத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் முன்புறத்தையும் பக்கங்களையும் குருத்தெலும்பு வளையங்கள் தாங்குகின்றன. பின்சுவரோ வெறும் சவ்வு. செயற்கைச் சுவாசத்துக்காகச் செருகும் குழாயின் நுனியோ, அதைச் சுற்றி ஊதப்படும் பலூனோ அச்சவ்வை நீளவாக்கில் கிழித்துவிடக்கூடும். அப்போது சிடி ஸ்கேனில் நுரையீரல்களுக்கு இடைப்பட்ட பகுதியிலும் கழுத்துத் தோலடியிலும் கசிந்த காற்று கருமையாகத் தெரியும். சில வேளைகளில் பலூனே கிழிசல் வழியே பிதுங்கி நிற்கும். பலூனின் அழுத்தம் உரிய வரம்பான 20 முதல் 30 சென்டிமீட்டர் நீரளவைத் (நீர்த்தம்பத்தின் உயரத்தால் அழுத்தத்தைக் குறிக்கும் அலகு) தாண்டி உயர்ந்தால் வேறொரு கேடு: உட்படலத்தின் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் புண்ணாகி, தழும்பு சுருங்கி, குழாயை எடுத்துச் சில வாரங்கள் சென்றபின் குழல் உடுக்கையின் இடைபோல ஒடுங்கியிருப்பதை நெடுக்குவெட்டுப் படம் காட்டும்.

இவற்றில் கவனக்குறைவால் நேர்பவை உண்டு. ஆனால் முறைப்படி செருகிய குழாயாலும், குறிப்பாக முதியோருக்கும் உயரம் குறைந்த பெண்களுக்கும், கிழிசல் நேர்வதுண்டு. எது எவ்வாறு நேர்ந்தது என்பதை விசாரித்துத்தான் அறிய முடியும். படத்தைப் பார்த்து எழுதிய கதிரியக்க மருத்துவர் சொல்லாத குற்றச்சாட்டை மொழிபெயர்ப்பாளர் தம் பொறுப்பில் சேர்ப்பது வரம்பு மீறிய செயல்.

‘மருத்துவரால் ஏற்பட்ட’ என்பது வேர்ப்பொருளுக்கு நெருக்கமானதுதான். ஆயினும் சளியை உறிஞ்சி எடுக்கும் செவிலியரின் கைப்பட்டு நேரும் காயம் அதில் அடங்காது. ‘சிகிச்சைவழி’ என்பாரும் உளர். நோயறிவதற்காக உள்நோக்கிக் கருவியால் திசு எடுக்கையில் நேரும் காயத்தை அது விட்டுவிடுகிறது. ‘மரபுவழி நோய்’ என்று நாம் இயல்பாகச் சொல்வதைப் போலவே ‘மருத்துவவழிக் காயம்’ என்றால் தோற்றுவாய் விளங்கும், எவர் மீதும் பழி விழாது. பிழை நேர்ந்தது உறுதியானால் அங்கே எழுதத்தான் ‘மருத்துவப் பிழை’ என்ற கூர்மையான சொல் இருக்கிறது. எல்லாக் காயங்களுக்கும் அதை ஒட்டுகிறவர்கள் அந்தக் கூர்மையையே மழுக்குகிறார்கள்.