நார்மல் ரிப்போர்ட்டும் உட்கார முடியாத நாற்காலியும்

நாற்காலியில் உட்கார்ந்தால் பத்தே நிமிடத்தில் அடியில் எரிச்சல் தொடங்கிவிடும். கழிப்பறை இருக்கையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் ஒன்றும் செய்யாது. இதை முதன்முதலில் சொன்னபோது எதிரே இருந்த மருத்துவர் சிரித்துவிட்டார். எனக்கே கூச்சமாகப் போயிற்று. பிறகுதான் தெரிந்தது, இடுப்பு நரம்புகளோடு பழகியவர்களுக்கு அந்த ஒரு வரி பெரிய துப்பு என்று. பிறப்புறுப்பிலிருந்து மலவாய் வரையுள்ள பகுதிக்கு உணர்வு தரும் புடெண்டல் நரம்பு, நாம் உட்காரும் எலும்பின் உட்புறத்தை ஒட்டிய குறுகிய தடம் ஒன்றின் வழியாக ஓடுகிறது. நாற்காலியில் அமர்ந்தால் அந்தத் தடத்தின் மேல் அழுத்தம் ஏறும். நடுவில் திறந்திருக்கும் இருக்கையில் ஏறாது. இந்த நரம்பு நெருக்கப்படுகிறதா என்று பார்க்க மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோல்களில் உட்காரும்போது வலி கூடுவதும் ஒன்று.

அப்போது எனக்கு வயது 47. இரண்டு அல்ட்ராசவுண்ட், ஒரு எம்.ஆர்.ஐ., சிறுநீர்ப் பரிசோதனைகள் என்று கையில் தடித்த கோப்பு இருந்தது. எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. "இந்த வயதில் இதெல்லாம் வரத்தான் செய்யும்மா, மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்" என்று அனுப்பிவைத்தார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தேன். கோபம் தணிந்த பிறகு ஒரு கேள்வி எஞ்சியது. ஸ்கேன் பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அப்படியென்றால் வலி எங்கே இருக்கிறது?

ஸ்கேன் வடிவத்தைப் பார்க்கும் கருவி. கட்டி, கல், வீக்கம், நீர் கோத்த பை இவையெல்லாம் அதில் அகப்படும். ஒரு நரம்பு ஓயாமல் சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருப்பது வழக்கமான ஸ்கேனில் பதியாது. வடிவ மாற்றங்களிலேயே தப்பிப்பவையும் உண்டு. கருப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஏறத்தாழ 19 கோடி பேர். வயிற்றறையின் சவ்வில் மேலோட்டமாகப் படர்ந்த திட்டுகள் சாதாரண அல்ட்ராசவுண்டில் பெரும்பாலும் தெரிவதில்லை. விந்தை என்னவென்றால், திட்டுகளின் அளவுக்கும் வலியின் அளவுக்கும் பெரிதாகப் பொருத்தம் கிடையாது. ஏராளமாகப் படர்ந்தும் வலியே அறியாதவர்கள் இருக்கிறார்கள். நாலைந்து புள்ளிகளை வைத்துக்கொண்டு துடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

இதை விளங்கிக்கொள்ள இடுப்பை விட்டுவிட்டுத் தண்டுவடத்துக்குப் போகவேண்டும். உள்ளுறுப்புகளுக்கு வலி உணரும் விதமே வேறு. குடலைக் கத்தியால் வெட்டினால் வலிக்காது. காற்று நிரம்பி விரிந்தால் உயிர் போகும். தோலோடு ஒப்பிட்டால் அவற்றிலிருந்து கிளம்பும் உணர்வு நரம்பிழைகள் மிகவும் குறைவு. அந்தச் சொற்ப இழைகளும் தனித்தனிப் பாதையில் போவதில்லை. சிறுநீர்ப்பை, கருப்பை, பெருங்குடலின் கீழ்ப்பகுதி, இடுப்புத் தசைகள் ஆகியவற்றின் செய்திகள் தண்டுவடத்தின் அதே சில பகுதிகளில், பல நேரம் அதே நரம்பணுக்களில் வந்து விழுகின்றன. ஒரே நரம்பணுவின் ஒரு கிளை சிறுநீர்ப்பைக்கும் மற்றொரு கிளை குடலுக்கும் போவதுகூட விலங்குகளில் காணப்பட்டிருக்கிறது. கருப்பையில் தொடங்கிய தொல்லை சில ஆண்டுகளில் அடிக்கடி சிறுநீர் கழிக்கும் அவஸ்தையாகவும் வயிற்றுப் பொருமலாகவும் பரவுவதற்கு இந்தப் பொதுச் சந்திப்பு ஒரு முக்கியக் காரணம். நோயாளியோ ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபுணரிடம் போகிறார். ஒவ்வொருவரும் தமக்குரிய உறுப்பைப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார்கள். உறுப்பு நன்றாகத்தான் இருக்கிறது.

இனி அந்தச் சந்திப்பில் நடப்பதைப் பார்ப்போம். வலிச் செய்தி வந்ததும் நரம்பு முனை குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை வெளியிடுகிறது. அடுத்த நரம்பணுவில் அதை வாங்கிக்கொள்ளும் வாசல்களில் ஒரு வகை, சாதாரண நேரத்தில் மெக்னீசியம் அயனியால் அடைபட்டுக் கிடக்கும், புட்டிக்கு மூடி போட்டதுபோல. செய்தி வந்து நின்றுவிட்டால் மூடி அசையாது. விடாமல் வந்துகொண்டே இருந்தால் மூடி கழன்றுகொள்கிறது. கால்சியம் உள்ளே பாய்கிறது, நரம்பணு எளிதில் கிளர்ந்தெழும் நிலைக்கு மாறுகிறது. அதன்பின் சிறு தூண்டலுக்குப் பெரிய பதில். நிறையாத சிறுநீர்ப்பை நிறைந்ததாகத் தோன்றும். உள்ளாடையின் இழை உரசுவதே எரியும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, தண்டுவடம் அரண்டுபோன நிலை இது. காயத்துக்குப் பிறகு தண்டுவடமே இப்படி மாறுவதை 1983-இல் நரம்பியல் ஆய்வாளர் கிளிஃபர்ட் வுல்ஃப் எலிகளில் காட்டினார். திசுச் சேதமோ நரம்புச் சேதமோ தெளிவாக இல்லாமல், வலியைக் கையாளும் அமைப்பு மாறியதால் எழும் வலிக்குத் தனிப் பெயரைச் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2017-இல்தான் ஏற்றுக்கொண்டது.

மூளையும் சும்மா இருப்பதில்லை. மூளைத்தண்டிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் பாதைகள் வலியை அடக்கவும் செய்யும், ஏற்றிவிடவும் செய்யும். தூக்கம் கெட்டால் அடக்கும் கை தளர்கிறது. பயமும் கவலையும் ஏற்றும் பக்கம் சேர்கின்றன. ஆகவே "மன அழுத்தம்" என்று சொல்லும் மருத்துவர் முழுப் பொய் சொல்லவில்லை. பாதி உண்மையைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிறார், அதுதான் குறை. எனக்கு அமிட்ரிப்டிலின் எழுதிக் கொடுத்தபோது, மனநோய் மாத்திரையா என்று பொருமினேன். அது அந்த இறங்கு பாதைகளில் புழங்கும் செரட்டோனின், நார்அட்ரினலின் ஆகியவற்றைக் கூட்டுகிறது என்றும், வலிக்குத் தரும் அளவு மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் குறைவு என்றும் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். மலச்சிக்கல் வரும் என்பதையும் சொல்லியிருக்கலாம். இடுப்பு வலிக்காரருக்கு அது சின்ன விஷயமில்லை. மாத்திரைகளின் மேல் பெரிய நம்பிக்கை வைப்பதற்கும் இல்லை. பரவலாக எழுதப்பட்டுவந்த காபபென்டினை, வெளிப்படையான இடுப்புக்குழி நோய் எதுவும் இல்லாத 306 பெண்களிடம் பிரிட்டனில் சோதித்தார்கள். மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட அது வலியைக் குறைக்கவில்லை என்று 2020-இல் முடிவு வெளியானது.

எனக்குத் திருப்பம் தந்தது தசை. இடுப்புக்குழியின் அடியில், முன்புற எலும்பிலிருந்து வால் எலும்பு வரை ஏணைபோலத் தொங்கும் தசைகள் இருக்கின்றன. வலி வந்தால் அவை இறுகும், அடிபடப் போகும் கை தானாக மடங்குவதுபோல. இறுகிய தசை தானே வலிக்கும், அந்த வலி மறுபடி இறுக்கும். இங்கேதான் பலர் நல்ல எண்ணத்தோடு கெடுதல் செய்துகொள்கிறார்கள். இந்தத் தசைகளைச் சுருக்கிச் சுருக்கி விடும் கெகல் பயிற்சி என்றால் நடுவயதுப் பெண்களுக்கெல்லாம் பொதுவான மருந்து என்ற எண்ணம் பரவியிருக்கிறது. மகளிர் நோய் மருத்துவர் அர்னால்ட் கெகல் 1948-இல் அதை விவரித்தது, தளர்ந்துபோன தசைகளுக்காக. ஏற்கெனவே முறுக்கேறிய தசையை இன்னும் சுருக்கினால் வலி கூடத்தான் செய்யும். நான் நாலு மாதம் கர்மசிரத்தையாகச் செய்து கெடுத்துக்கொண்டேன். தேவைப்பட்டது தளர்த்தும் வித்தை. மூச்சை உள்ளே இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்குகிறது, அதோடு அடித்தசைகளும் சற்று இறங்குகின்றன. கையை வயிற்றில் வைத்து மெதுவாக மூச்சு இழுத்து, அந்த இறக்கத்தை உணரப் பழகுவதில்தான் இடுப்புத்தளப் பிஸியோதெரபி பெரும்பாலும் தொடங்குகிறது.

ஆண்களுக்கும் இது உண்டு, பெயர்தான் வேறு. புராஸ்டேட் அழற்சி எனப்படுவதில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் பாக்டீரியா அகப்படுவதே இல்லை. ஆன்டிபயாடிக் மட்டும் சுற்றுச் சுற்றாக எழுதப்படுகிறது.

நடுவயதில் ஆராயாமல் வலியை வயதின் மேல் போடுவது ஆபத்தாகவும் முடியலாம். கருப்பையின் தசைக்குள்ளேயே உள்படலத் திசு புகும் அடினோமயோசிஸ் நாற்பதுகளில் அதிகம் கண்டறியப்படுகிறது. மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் குறைந்து பிறப்புறுப்பு, சிறுநீர் வெளியேறும் குழாய் ஆகியவற்றின் உள்தோல் மெலிகிறது. அந்த எரிச்சலுக்கு ஈஸ்ட்ரோஜன் களிம்பு போன்ற நல்ல மருத்துவம் இருக்கிறது. உப்பசமும் வயிற்றுவலியும் தரும் குடல் எரிச்சல் நோய் 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குவது அரிது. எனவே அந்த வயதில் வயிற்று உப்பசமும் அடிவயிற்று வலியும் புதிதாக வந்து நிலைத்தால், சினைப்பைப் புற்று இல்லையென்று உறுதி செய்யவேண்டும். மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு, காரணமில்லாமல் எடை குறைவது, மலத்தில் இரத்தம் இவற்றுக்கு ஒருநாளும் காத்திருக்கக் கூடாது.

அலட்சியம் என் ஒருத்தியின் மனக்குறை என்று தள்ளவும் முடியாது. கருப்பைக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த 'ஹிஸ்டீரியா' என்ற நோய்ப்பெயர் அமெரிக்க மனநலக் கையேட்டிலிருந்து நீங்கியது 1980-இல்தான். அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவு ஒன்றில் திடீர் வயிற்றுவலியோடு வந்தவர்களைப் பற்றி 2008-இல் வெளியான ஆய்வில், வலி மருந்துக்கு ஆண்கள் இடைநிலை அளவில் (median) 49 நிமிடமும் பெண்கள் 65 நிமிடமும் காத்திருந்தது தெரியவந்தது.

அதன்பின் நான் பேசும் விதத்தை மாற்றினேன். "ரொம்ப வலிக்கிறது" என்பதை விட்டுவிட்டு, "பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியவில்லை, அதனால் பாதி நாள் நின்றுகொண்டே வேலை செய்கிறேன்" என்று தொடங்கினேன். சிறுநீர் கழித்தால், மலம் கழித்தால், உறவின்போது, மாதவிடாய் நாளில் வலி எப்படி மாறுகிறது என்று ஒரே தாளில் எழுதிக்கொண்டேன். நார்மல் என்று சொன்னவரிடம், "இந்த ஸ்கேனில் தெரியாத காரணங்கள் என்னென்ன?" என்று கேட்டேன். ஒருவர் எரிச்சலடைந்தார். இன்னொருவர் யோசித்தார்.

நான்காவதாகப் பார்த்த மருத்துவர் கோப்பைத் திறக்கவே இல்லை. தாளைப் படித்தார், எந்தப் பக்கம் சாய்ந்து உட்காருகிறீர்கள் என்று கேட்டார். பிறகு அனுமதி கேட்டு, ஒற்றை விரலால் உள்ளே வலப்பக்கம், அந்த நரம்புத் தடத்தின் சுவராக அமைந்த தசையை அழுத்தினார். வலி அதே வழியில், அதே இடத்துக்கு ஓடியது.

"இதுதானே?" என்றார்.

"இதேதான்."

கையுறையைக் கழற்றிவிட்டு, என் தாளின் ஓரத்தில் எழுதினார்: ஆப்டுரேட்டர் இன்டர்னஸ், வலது.