தாரா, ஜிம்னியா என்பது அப்புறம். முதலில் அந்தச் சின்ன லிவர்

நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் ரகத்தில், ஒரே மாதத்தில் இது மூன்றாவது வண்டி. ரெக்கவரி லாரியின் முதுகில் உட்கார்ந்தபடி ஒத்தக்கடைப் பக்கம் இருக்கிற என் ஷெட்டுக்கு வந்து இறங்கியது. எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்ல மாட்டேன். சொன்னால், "அப்பவே நினைச்சேன், அந்தக் கம்பெனி வண்டியே அப்படித்தான்" என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடும். மூன்றும் மூன்று கம்பெனி வண்டிகள். ஓட்டியவர்கள் செய்த வேலைதான் ஒன்று.

கடைசியாக வந்தவர் அண்ணாநகர்த் தம்பி. வண்டி வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு சிறுமலை போயிருக்கிறார். 18 கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்திலேயே சின்ன லிவரை நாலு சக்கரமும் இழுக்கிற 4 எச்சுக்குப் போட்டு ஏறி, அதிலேயே இறங்கி, நத்தம் ரோட்டைப் பிடித்து மதுரைக்கும் அதிலேயே வந்திருக்கிறார். வளைவுக்கு வளைவு ஸ்டீயரிங் கையை உதறியிருக்கிறது. டயர் தேய்கிற சத்தம் வேறு. வீல் பேரிங் போய்விட்டதாக நினைத்துக்கொண்டு பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தாராம். ஊமச்சிகுளத்துக்குச் சற்று முன்னால் அடியில் 'டமார்' என்று ஒன்று கேட்டது, வண்டி நின்றது. கிராஸ் ஜாயிண்ட் என்கிற இணைப்பு உடைந்து, அச்சுக்கு இழுவையைக் கொண்டுபோகிற புரொப்பல்லர் ஷாஃப்ட் தொங்கிக்கொண்டிருந்தது. இழுவையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பங்கிடுகிற ட்ரான்ஸ்ஃபர் கேஸைப் பிரித்தால் உள்ளே செயின் தளர்ந்து கிடக்கிறது. லிவரை இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் பின்சக்கரம் மட்டும் இழுக்கிற 2 எச்சுக்கு வரவில்லை.

"ஏன் தம்பி தார் ரோட்டுல 4 எச் போட்டீங்க?"

"நாலு சக்கரமும் ஓடுனா இறக்கத்துல பிரேக் நல்லா பிடிக்கும்னு சொன்னாய்ங்கண்ணே."

யார் சொன்னாய்ங்க என்று நான் கேட்கவில்லை. இதே வாசகத்தை இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஐயா, நாலு சக்கர இழுவை என்பது இழுப்பதற்கு. நிறுத்துவதற்கு இல்லை. பிரேக் எல்லா வண்டிக்கும் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது. உங்கள் மாமனாரின் பழைய ஆல்ட்டோவுக்கும் அப்படித்தான். பிரேக்கை மிதிக்கிற நேரத்தில் வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது டயரும் ரோடும் உங்கள் வேகமும். சின்ன லிவர் எந்த இடத்தில் இருக்கிறது என்பது அல்ல. இன்னும் சொன்னால், 4 எச் போட்டவருக்குத்தான் தைரியம் கூடி, வளைவில் பத்து கிலோமீட்டர் வேகம் கூடுதலாக வருகிறார். இறக்கத்துக்கு வேண்டியது 2 எச்சில் இரண்டாவது கியர், தேவைப்பட்டால் முதல் கியர். ஏறிய கியரிலேயே இறங்கு என்று நம் ஊர் லாரி டிரைவர்கள் சொல்வது அதுதான். அதற்கு மேல் ஒரு மந்திரமும் இல்லை.

சரி, பிரேக்குக்கு உதவாது, போட்டால் என்ன கெட்டுவிடும் என்று அடுத்த கேள்வி வரும். சாமி சப்பரம் தூக்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மாசி வீதி முக்கில் சப்பரம் திரும்பும்போது முன்னால் தோள் கொடுத்தவர்கள் ஐந்து எட்டு வைத்தால் பின்னால் இருப்பவர்கள் மூன்று எட்டுதான் வைப்பார்கள். முன்னால் இருப்பவர்கள் போகிற வட்டம் பெரியது. இப்போது, முன்னால் எத்தனை எட்டோ பின்னாலும் அத்தனை எட்டுதான் என்று எல்லாருடைய காலையும் ஒரே கயிற்றில் கட்டிவிடுங்கள். என்ன ஆகும்? மணலாக இருந்தால் கால் சறுக்கிச் சரிக்கட்டிக்கொள்ளும். சிமெண்ட் தரையாக இருந்தால் முதலில் கயிறு முறுகும், அப்புறம் யாராவது விழுவார்கள். அந்தக் கயிறுதான் 4 எச். வண்டியில் முன் அச்சையும் பின் அச்சையும் ஒரே சுற்றில் கட்டிப்போடுகிறது. ஆற்று மணலிலும் சேற்றிலும் சரளையிலும் டயர் கொஞ்சம் வழுக்கி முறுக்கை விட்டுவிடும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க வழி கிடையாது. முறுக்கு எல்லாம் ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கும் கிராஸ் ஜாயிண்டுக்கும் போகும்.

மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா, டொயோட்டா ஃபார்ச்சூனர் என எதை எடுத்தாலும் இதில் வித்தியாசம் இல்லை. நாலுமே வேண்டும்போது மட்டும் போடுகிற ரகம். எக்ஸ்யூவி 700-லும் கிராண்ட் விட்டாராவிலும் இருக்கிற ஆல் வீல் டிரைவ் வேறு ஜாதி. அது தானே பார்த்துப் பிரித்துக் கொடுக்கும், அதில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அவற்றில் லோ ரேஞ்ச், அதாவது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுகிற கியர், கிடையாது.

தவறிப் போய் லிவர் மாட்டிக்கொண்டால் இழுத்து மல்லுக்கட்டாதீர்கள். ஸ்டீயரிங்கை நேராக வைத்து நாலைந்து அடி ரிவர்ஸ் வாருங்கள். முறுக்கு விட்டுவிடும், லிவர் வெண்ணெய் மாதிரி வரும். கொழுக்குமலையில் ஓடுகிற பழைய மஹிந்திரா ஜீப் டிரைவர்களைக் கவனித்தால் போதும். ஒரு முறை அப்படி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். வாயில் வெற்றிலை, ஒரு கையில் ஸ்டீயரிங். கல் பாதை முடிந்து ரோடு தொடங்குகிற இடத்தில், பேச்சை நிறுத்தாமலேயே, இடது கை தானாகப் போய் அந்தச் சின்ன லிவரைத் தள்ளிவிட்டது. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "என்ன செஞ்சேன்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அந்தக் கைப் பழக்கத்தை ஷோரூமில் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

இனி, எல்லாரும் என்னிடம் கேட்கிற கேள்வி. தாரா, ஜிம்னியா, கூர்க்காவா? டீ குடிக்க வருகிறவர்கள்கூட இதற்காகச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். விஜய் ரசிகர், அஜித் ரசிகர் தோற்றார்கள்.

என் கைக்கு வந்துபோன வண்டிகளை வைத்துச் சொல்கிறேன். ஜிம்னி ஏறக்குறைய 1,200 கிலோ. மற்ற இரண்டும் இதைவிடப் பல நூறு கிலோ கூடுதல். மணலில் எடை குறைந்த வண்டி புதையாமல் போய்விடும், புதைந்தாலும் நாலு பேர் தள்ளினால் வந்துவிடும். ஆனால் 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜின் மட்டும்தான். நாலு பேரும் சாமானும் ஏற்றிக் கொடைக்கானல் காட் ரோட்டில் ஏறினால் மூச்சு வாங்குவது காதில் கேட்கும். நல்ல விஷயம், 2023-இல் வந்ததிலிருந்து எந்த ஜிம்னியை வாங்கினாலும் நாலு சக்கர இழுவையும் லோ ரேஞ்சும் உண்டு. கூர்க்காவில் முன் பின் இரண்டு அச்சுக்கும் டிஃபரென்ஷியல் லாக், அதாவது அச்சின் இரண்டு சக்கரத்தையும் ஒரே சுற்றில் பூட்டுகிற வசதி, கம்பெனியிலேயே வருகிறது. இந்த விலையில் வேறு யாரும் கொடுப்பதில்லை. 2024-இல் என்ஜினையும் 140 குதிரைத் திறனுக்கு ஏற்றிவிட்டார்கள். ஆனால் ஆட்டோமேட்டிக் இல்லை. தினமும் கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கிறவர் முழங்காலை யோசித்துக்கொள்ளட்டும். தார் இரண்டுக்கும் நடுவில். டீசலும் உண்டு, பெட்ரோலும் உண்டு, ஆட்டோமேட்டிக்கும் உண்டு. சர்வீஸ் சென்டரும் பக்கத்தில் இருக்கும்.

தாரில் ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் ஏமாறுகிறார்கள். 2023 ஜனவரியிலிருந்து பின்சக்கரம் மட்டும் இழுக்கிற தார் விற்பனைக்கு வந்துவிட்டது. வெளித்தோற்றம் அதேதான், விலை குறைவு. ஐந்து கதவுத் தாரான ராக்ஸிலும் நாலு சக்கர இழுவை டீசலில் மட்டும்தான். செகண்ட் ஹேண்டில் ஒரு தாரை வாங்கிய சோழவந்தான்காரர் ஒருவர், அதை நேராக வைகைக்குள் இறக்கிவிட்டு எனக்குப் போன் போட்டார். "4 எச் போடுங்க" என்றேன். "அது எங்கண்ணே இருக்கு?" என்றார். டிராக்டர் வைத்து இழுத்தோம். வாங்குவதற்கு முன் கியர் லிவருக்குப் பக்கத்தில் இரண்டாவது லிவர் இருக்கிறதா, சில வண்டிகளில் திருகு இருக்கும், அது இருக்கிறதா என்று பாருங்கள். அரை நிமிட வேலை.

கிரெட்டா, செல்டாஸ், டீசல் ஹாரியர், டீசல் சஃபாரி எல்லாம் முன்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டிகள். நல்ல வண்டிகள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அவற்றில் சிலதில் சேறு, மணல், பனி என்று போட்ட ஒரு திருகு இருக்கும். அதைத் திருப்பினால் பின்சக்கரமும் இழுக்கும் என்று நம்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். படித்தவர்கள். ஒருவர் பேராசிரியர்.

என்னைக் கேட்கிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு நாலு சக்கர இழுவையே தேவையில்லை. வீட்டிலிருந்து ஆபீஸ், மாதம் ஒரு முறை அழகர்கோவில், வருடம் ஒரு முறை கொடைக்கானல். எல்லாம் தார் ரோடு. மீதி இரண்டு பேருக்கு நான் பிராண்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் டயரைப் பற்றிப் பேசுவேன். கள்ளிக்குடிப் பக்கம் கரிசலில் மழை பெய்த மறுநாள் இறங்கிப் பாருங்கள். சாதா ரோடு டயரின் பள்ளமெல்லாம் நாலு சுற்றில் மண் அப்பி மொழுமொழு என்று ஆகிவிடும். அப்புறம் எந்தக் கம்பெனி வண்டியானாலும் ஒரே கதிதான், நாலு சக்கரமும் சேர்ந்து சுற்றும், வண்டி அங்கேயே நிற்கும். ஆற்று மணலில் டயர் காற்றை 18, 20 பி.எஸ்.ஐ. வரைக்கும் இறக்குங்கள். மேலே வந்ததும் மறக்காமல் ஏற்றுங்கள், இறக்கிய காற்றோடு நாலுவழிச் சாலையில் 100-இல் போகிறவர்களும் இருக்கிறார்கள். கண்மாய்க் கரையில் சீமைக் கருவேல முள்ளுக்கு மிதிப்பகுதி தாங்கும், பக்கவாட்டுச் சுவர் தாங்காது. அதில் குத்தினால் பஞ்சர் ஒட்ட முடியாது, டயரையே மாற்ற வேண்டியதுதான். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

முன்னால் இரும்புக் குழாயில் கட்டில் மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒரே வரி. 2017 டிசம்பரிலேயே மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் அது சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. அது இருந்தால் ஏர்பேக் சரியான நேரத்தில் விரியாமல் போகலாம். என் ஷெட்டில் கழற்றித் தருவேன், மாட்டித் தர மாட்டேன்.

இதை எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணம் ஐப்பசி மழை. மணிநகரம் கர்டர் பாலத்துக்கு அடியில் தண்ணீர் நிற்கும். பைக்கில் வருகிறவர்கள் திரும்பிப் போவார்கள், இந்தப் பெரிய வண்டிக்காரர்கள்தான் உள்ளே விடுவார்கள். கேட்டால், வண்டி எவ்வளவு ஆழத் தண்ணீரில் போகும் என்று எண் சொல்வார்கள். தாருக்கு 650 மில்லிமீட்டர், கூர்க்காவுக்கு 700 என்று. சரிதான், கம்பெனி சொன்ன கணக்குதான். 650 என்பது நமக்குப் பாதித் தொடை. அது அசையாத தண்ணீருக்கு, அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்த தரைக்கு, நடந்து போகிற வேகத்துக்கு. எதிரே ஒரு பஸ் வந்து அலை எழுப்பினால் அந்த 650 போன இடம் தெரியாது. பாலத்துக்கு அடியில் தண்ணீர் பாதித் தொடையா இடுப்பா என்று காருக்குள் உட்கார்ந்துகொண்டு எப்படித் தெரியும்? கூர்க்காவின் மேலே நீட்டிக்கொண்டிருக்கிற மூக்குக்குழாய் என்ஜினுக்குத்தான் காற்று கொடுக்கும். ஓடுகிற தண்ணீர் வண்டியைத் தூக்கினால் அதைப் பிடித்து நிறுத்தாது.

தண்ணீருக்குள் என்ஜின் நின்றுவிட்டதா, தயவுசெய்து சாவியைத் திருப்பாதீர்கள். பட்டனை அழுத்தாதீர்கள். 'ஒரே ஒரு தடவை பாப்போம்' என்று அழுத்திய அந்த ஒரு தடவைதான் என்ஜினுக்குள் இருக்கிற கனெக்டிங் ராடை வளைக்கிறது. ஏர் ஃபில்டரை மாற்றி, எண்ணெயை மாற்றி, காயவைத்து அனுப்ப வேண்டிய வண்டி என்ஜின் வேலைக்கு நிற்கும். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்துக்குச் சாதா இன்சூரன்ஸில் பொதுவாகப் பணம் வராது. என்ஜின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு சேர்க்கை இருக்கும், பாலிசியை இன்றைக்கே எடுத்து அது இருக்கிறதா என்று பாருங்கள்.

நின்றுவிட்டால் ஆட்களை இறக்கி மேட்டுக்குக் கூட்டிப் போங்கள். பேட்டரி ஒயரைக் கையெட்டினால் கழற்றுங்கள், எட்டாவிட்டால் விட்டுவிடுங்கள். தள்ளியோ கட்டி இழுத்தோ வெளியே கொண்டுவந்து அப்படியே நிறுத்திவிட்டுத் தெரிந்த மெக்கானிக்குக்குப் போன் போடுங்கள். நான் ராத்திரி பதினொன்று வரைக்கும் எடுப்பேன், மழை நாளென்றால் அதற்கு மேலும்.