ஒருவர் போனால் ஏன் வரிசையாகப் போகிறார்கள்?

முள்ளியவளையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் பின்வரிசை ஆட்டக்காரருக்கு முழங்கால் போனது, அடுத்தடுத்த ஆட்டங்களில் இன்னும் இருவர் தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார்கள். ஊரில் கண்ணூறு என்கிறார்கள், உண்மையா?

அப்படியென்றால் இங்கிலாந்தின் லிவர்பூல் அணிக்கும் கண்ணூறு பட்டிருக்க வேண்டும். 2019-20இல் 99 புள்ளிகளோடு கிண்ணம் வென்ற அணி அது. 2020 ஒக்டோபரில் எவர்ட்டனுடனான ஆட்டத்தில் பின்வரிசை ஆட்டக்காரர் வான் டைக்கின் முழங்கால் சவ்வு கிழிந்தது. நவம்பரில் அதே வரிசையின் கோமஸ், அப்புறம் மாட்டிப். நடுக்களத்து ஃபபினோவையும் ஹெண்டர்சனையும் பின்னுக்கு எடுத்தார்கள். பின்னால் இருந்த ஓட்டை அடைபட்டது, நடுவில் புதிதாய் ஒன்று விழுந்தது. சொந்த மைதானத்தில் தொடர்ந்து ஆறு லீக் தோல்விகள். கடைசியில் 69 புள்ளிகள், மூன்றாம் இடம்.

வான் டைக்குக்கு நேர்ந்தது மோதல். அதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. தொடைப் பிடிப்பு வேறு, நான் விளக்க விரும்புவதும் அதைத்தான்.

முழு வேகத்தில் ஓடும்போது, முன்னே வீசிய கால் நிலத்தைத் தொடச் சற்று முன் முழங்கால் விசுக்கென நீள்கிறது. அதற்குத் தடை போடுவது தொடையின் பின்தசை. துள்ளும் நாம்பனின் கயிற்றை விடாமல் பிடித்து, அதன் பின்னாலேயே இழுபட்டுப் போகிறவரைப் போல, தசை நீண்டுகொண்டே இழுக்கிறது. மிக நீண்டிருக்கும் நேரத்தில்தான் அதன்மேல் விசையும் மிக அதிகம். களைத்த தசைக்கு இந்தத் தடை போடும் பலம் குறைந்துவிடும். ஒவ்வொரு பாதியின் கடைசி நிமிடங்களில் இந்தக் கிழிவுகள் கூடுவது அதனால்தான். ஒருமுறை கிழிந்த தொடை மறுபடி கிழியும் வாய்ப்பும் அதிகம்.

இப்போது முள்ளியவளைக்கு வருவோம். ஒருவர் இல்லையென்றால் மற்றவர்களுக்கு ஓட்டம் கூடுகிறது, மாற்றாள் இல்லாததால் ஓய்வு குறைகிறது, பாதி ஆறிய தொடையோடும் ஆளை இறக்குகிறார்கள். கண்ணூறுக்கு இங்கே வேலையே இல்லை.

சுற்றுப்போட்டிக்கு ஒலிபெருக்கி பிடிக்கக் காசு சேர்க்கிறோம். யாருக்கு எப்போது எங்கே காயம் என்று ஒரு கொப்பியில் எழுதிவைக்கும் கழகத்தை நான் இன்னும் காணவில்லை. ஆராய்ச்சிக்கு முதற்செலவு அந்தக் கொப்பிதான்.

தொடையின் பின்தசையைப் பலப்படுத்தும் நோர்டிக் பயிற்சிக்கு அந்தச் செலவும் கிடையாது. முழந்தாளிட்டு, கூட்டாளி கணுக்கால்களை அழுத்திப் பிடிக்க, உடலை மெல்ல மெல்ல முன்னே சாய்க்க வேண்டும். இதை ஒழுங்காகச் செய்த அணிகளில் தொடைக் கிழிவு ஏறக்குறைய பாதியாகியிருக்கிறது. முதல் வாரம் தொடை நன்றாக நோகும், பெடியள் கைவிடுவதும் அப்போதுதான். ஐந்தாறு தடவையோடு தொடங்கினால் போதும்.