ஆஸ்திரேலிய 462 விசா: குலுக்கலுக்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை

ஒரு வருஷம் ஆஸ்திரேலியாவில் ஊர் சுற்றலாம், செலவுக்கு அங்கேயே வேலையும் பார்த்துக்கொள்ளலாம். அதற்கான விசாதான் 462, ‘வொர்க் அண்ட் ஹாலிடே’. 2022 டிசம்பர் 29-ல் நடைமுறைக்கு வந்த இந்திய–ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தத்தால் இந்தியர்களுக்கும் இந்தக் கதவு திறந்தது. ஆனால் ஆண்டுக்கு 1,000 இடம்தான். 2024 அக்டோபரில் முதல் பதிவு தொடங்கிய இரண்டே வாரத்தில் சுமார் 40,000 பேர் பதிந்ததாக ஆஸ்திரேலியத் துணை அமைச்சர் ஒருவரே சொன்னார்.

ஆகவே நேரடியாக விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. முதலில் ஆஸ்திரேலிய அரசின் விசா இணையதளமான இம்மி அக்கவுன்ட்டில் (ImmiAccount) 25 ஆஸ்திரேலிய டாலர் கட்டிக் குலுக்கலுக்குப் பதிய வேண்டும். பெயர் வராவிட்டால் அந்தப் பணம் திரும்பாது. கம்ப்யூட்டர்தான் பெயர்களை எடுக்கிறது. முதல் நாள் பதிந்தாலும் கடைசி நாள் பதிந்தாலும் வாய்ப்பு ஒன்றே. ஒருவருக்கு ஒரு பதிவுதான். “உங்க பேரை வரவைக்கிறோம்” என்று யாராவது பணம் கேட்டால், தயவுசெய்து கொடுக்காதீர்கள். அது எந்த ஏஜென்ட் கையிலும் இல்லை.

பதிவுக்கு பாஸ்போர்ட்டோடு பான் கார்டும் வேண்டும். நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பான் விண்ணப்பத்திலோ இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள். அதனால் பாஸ்போர்ட்டில் ‘கார்த்திக்’ என்று மட்டும் இருப்பவர், பானில் ‘கார்த்திக் முருகேசன்’ ஆகியிருப்பார். டிகிரி சான்றிதழில் ‘மு. கார்த்திக்’. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திருத்த வேண்டியதைப் பதிவு திறப்பதற்கு முன்பே திருத்திவிடுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், பெயர் வந்தபின் முழு விண்ணப்பத்தையும் போட 28 நாள்தான் அவகாசம். வயது 18-க்குக் குறையாமலும் 31-ஐத் தொடாமலும் இருக்க வேண்டும். டிகிரி முடித்திருக்க வேண்டும், அல்லது இளநிலைப் படிப்பில் இரண்டு வருஷமாவது தேறியிருக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு ஐஇஎல்டிஎஸ் தேர்வில் சராசரி 4.5 போதும். டிகிரியையே முழுக்க ஆங்கில வழியில் படித்தவர்கள் அதற்கான சான்றைக் காட்டலாம். கல்லூரியில் அந்தக் கடிதம் வாங்கவே வாரக்கணக்கில் நடக்க வேண்டியிருக்கும் என்பதால் இப்போதே கேட்டு வையுங்கள். கணக்கில் சுமார் 5,000 ஆஸ்திரேலிய டாலரும், அதற்கு மேல் விமான டிக்கெட்டுக்கான பணமும் இருப்பதாகக் காட்ட வேண்டும். விசா கட்டணம் தனி. 2025 ஜூலையிலிருந்து அது 670 டாலர். விண்ணப்பிக்கும்போதும் விசா கிடைக்கும்போதும் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருக்க வேண்டும். பிள்ளைகளை உடன் அழைத்துப்போக முடியாது.

சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்களுக்கும் 462 உண்டு. அவர்களுக்குக் குலுக்கல் இல்லை.

இது குடியேற்ற விசா இல்லை. பொதுவாக ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. படிப்பதென்றால் நான்கு மாதம்தான். இதை நம்பி நிலத்தை அடமானம் வைக்கவோ, நிரந்தர வேலையை விடவோ நான் சொல்லமாட்டேன். ஆனால் படிப்பை முடித்து, கொஞ்சம் சேமிப்போடு இருக்கும் இளைஞருக்கு நல்ல வாய்ப்பு. சம்பளச் சட்டம் உள்ளூர்க்காரர்களுக்கு உள்ளதேதான்: 2025 ஜூலை முதல் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலர். வருமானத்தில் முதல் 45,000 டாலர் வரை 15 சதவீத வரி.

வடக்குப் பகுதியிலோ தொலைதூர ஊர்களிலோ, பண்ணை, ஹோட்டல் என்று அரசு குறிப்பிட்ட வேலைகளில் மூன்று மாதம் உழைத்தால் இரண்டாவது வருஷத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் குலுக்கல் கிடையாது. ஊர், முதலாளி, தேதி எல்லாம் தெரியும் சம்பளச் சீட்டுகள்தான் அப்போது சாட்சி. கையில் ரொக்கமாகக் கொடுக்கும் இடத்தில் அந்தச் சீட்டு வராது, வேலைக்குச் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.