.22 தோட்டா: விளிம்புக்குள் இருக்கும் சிக்கல்

.22 லாங் ரைஃபிள் தோட்டாவைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பெரிய தோட்டாக்களின் நடுவில் தெரியும் பிரைமர் வில்லை, அதாவது தீப்பற்றவைக்கும் சிறு மூடி, இதில் இருக்காது. பித்தளைக் கூட்டின் அடியைச் சுற்றி மெல்லிய விளிம்பு மட்டும் இருக்கும். அந்த விளிம்பு உள்ளே வெறும் மடிப்புதான். தீப்பற்றவைக்கும் கலவை அந்த மடிப்புக்குள் இருக்கிறது. துப்பாக்கியின் ஃபயரிங் பின், அதாவது அடிக்கும் ஊசி, விளிம்பை நசுக்கியதும் அது பற்றிக்கொண்டு வெடிமருந்துக்குத் தீ கொடுக்கிறது.

தொழிற்சாலையில் ஈரமான கலவையைத் துளியளவு கூட்டுக்குள் இட்டு, சுழற்றி விளிம்புக்குள் பரவச் செய்வார்கள். சுற்று முழுக்கச் சமமாகப் பரவாமல் ஓரிடம் காலியாக நின்று, ஃபயரிங் பின் அங்கேயே விழுந்தால், 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான் வரும். அதே தோட்டாவைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் வெடித்துவிடும். அப்படி வெடித்தால் குற்றம் பெரும்பாலும் தோட்டாவில். வெடிக்காத தோட்டாக்கள் எல்லாவற்றிலும் பின் தடம் ஆழமில்லாமல் இருந்தால், துப்பாக்கியின் ஸ்பிரிங்கையும் பின்னையும் பாருங்கள்.

வெடிக்காத தோட்டாவை உடனே வெளியே எடுக்கக் கூடாது. தாமதமாகப் பற்றுவதும் உண்டு. குழலை இலக்கை நோக்கியே வைத்து, குறைந்தது 30 விநாடி பொறுத்து, அதன்பிறகு குழலின் பின்பக்கத்தை மூடியிருக்கும் போல்ட்டைத் திறக்க வேண்டும். வழக்கத்தைவிட மெலிதான சத்தம் கேட்டால் அது இன்னும் ஆபத்து. குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். சுடுவதை நிறுத்தி, குழலில் கம்பி விட்டுப் பார்க்காமல் அடுத்த தோட்டாவைப் போடவே கூடாது.

வெடிக்காத தோட்டா கண்ணுக்குத் தெரிகிறது. சீரில்லாத தோட்டா தெரிவதில்லை, துப்பாக்கி சுடும் போட்டியாளரை அதிகம் வதைப்பது அதுதான். போட்டித் தோட்டாவின் குண்டு 40 கிரெயின், அதாவது சுமார் 2.6 கிராம். ஒலியைவிடச் சற்றுக் குறைவாக, விநாடிக்கு 325 மீட்டரை ஒட்டிய வேகத்தில் கிளம்பி, 50 மீட்டரைக் கடப்பதற்குள் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் கீழே இறங்கும். ஒரு தோட்டா மட்டும் விநாடிக்கு 10 மீட்டர் மெதுவாகப் போனால் குண்டு இன்னும் 8 மில்லிமீட்டர் தாழ விழும். 50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் வளையத்துக்கு வளையம் இடைவெளியும் அதே 8 மில்லிமீட்டர். சுடுபவர் எந்தத் தவறும் செய்யாமலே முழுசாக ஒரு புள்ளியை இழக்கிறார். மருந்தின் எடை, விளிம்பின் கனம், மெழுகுப் பூச்சு என இவற்றில் எது மாறினாலும் குண்டுகள் விழும் இடங்களின் சிதறல் கூடும்.

இதனால்தான் நிறுவனங்களின் பணநெருக்கடி சுடுதளம் வரை எட்டுகிறது. 1816இல் தொடங்கிய அமெரிக்காவின் ரெமிங்டன் 2018இலும் 2020இலும் திவால் பாதுகாப்பு கோரியது. இரண்டாவது முறை சொத்துகள் துண்டு துண்டாக ஏலம் போயின. ஆர்கன்சாவின் லோனோக் நகரில் இருந்த தோட்டாத் தொழிற்சாலையை விஸ்டா அவுட்டோர் சுமார் 8.1 கோடி டாலருக்கு வாங்கியது. விஸ்டாவின் தோட்டாத் தொழில் 2024இல் செக் நாட்டின் சிஎஸ்ஜி குழுமத்துக்குப் போனது. பெட்டியில் பெயர் மாறாது. ஆனால் உற்பத்தி நின்று மறுபடி தொடங்கும் எந்த ஆலையிலும் கலவையைக் கையாண்டு பழகியவர்கள் வெளியேறியிருக்கலாம், அச்சுகள் தேய்ந்திருக்கலாம். அதனால் திவால் ஆன ஆலையின் தோட்டா மோசம் என்று ஆகிவிடாது. பழைய அனுபவத்தை வைத்து புதுப் பெட்டியை நம்பக் கூடாது, அவ்வளவுதான்.

பெட்டியின் மேல் உள்ள பெயரைவிட லாட் எண்ணை, அதாவது எந்த உற்பத்தித் தொகுதி என்று காட்டும் எண்ணைப் பாருங்கள். ஒரே ரகம், ஒரே விலை, ஆனால் இரண்டு லாட்கள் ஒரே குழலில் வேறு வேறாகச் சுடும். லாட் ஒன்றுக்கு ஒரு பெட்டி, அதாவது 50 தோட்டா வாங்கி, துப்பாக்கியை அசையாமல் பிடிமானத்தில் வைத்து, பத்துப் பத்து குண்டுகளாக நான்கு குழுக்கள் சுட்டு, ஒவ்வொரு குழுவின் துளைகளும் எவ்வளவு பரந்திருக்கின்றன என்று அளக்கலாம். மெழுகு வேறு என்றால் குழல் பழக முதல் பத்துப் பதினைந்து குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதற்கு இன்னொரு பெட்டி வேண்டியிருக்கும். ஒரேயொரு நல்ல குழுவைப் பார்த்து முடிவெடுப்பதுதான் பலரும் செய்யும் தவறு.

சிதறலைக் கணிக்க இந்த 40 குண்டுகள் போதும், வெடிக்காமல் போகும் வாய்ப்பைக் கணிக்கப் போதாது. 500க்கு ஒன்று பழுது என்று வைத்துக்கொண்டால்கூட, 60 குண்டுப் போட்டியில் அந்த ஒன்று வந்து சேர 11 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அதைப் பெட்டி ஒன்றில் பிடிக்க முடியாது. அதனால் தேறிய லாட்டையே ஒரு பருவத்துக்குப் போதுமான அளவு சேர்த்து வாங்கி, வெயில் படாமல், மெழுகு இளகாத இடத்தில் வைத்து, பயிற்சியிலும் அதையே சுட்டு, 'டிக்' கேட்ட ஒவ்வொரு முறையையும் லாட் எண்ணோடு குறித்துவையுங்கள்.