எங்கேயோ இடிக்குதே: ‘கன்டினியூட்டி’க்குத் தமிழில் என்ன சொல்?

செட்டிநாட்டில், கானாடுகாத்தானில் எங்கள் பங்காளி வீட்டு வளவில், அதாவது நடு முற்றத்தில், ஒரு கொலை நடந்தது. கேமராவுக்கு முன்னால்தான். நாலு நாள் படப்பிடிப்பு, வாடகை, வாசலில் ஜெனரேட்டர் வண்டி, எங்கள் தெரு முழுக்க வேடிக்கை. படம் பிறகு டிவியில் போட்ட அன்று அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஆரம்பித்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

“ஏய்யா, இப்பத்தானே அந்தத் தூணுக்கிட்டச் செம்பு இருந்துச்சு. யாரு எடுத்தா?”

“யாரும் எடுக்கல அப்பத்தா. கொலைகாரனே இன்னும் உள்ள வரல.”

“அப்பக் கொலைகாரனுக்கு முந்தியே ஒரு திருடன் வந்துட்டுப் போயிருக்கான்.”

அடுத்த ஷாட்டில் செம்பு திரும்ப வந்துவிட்டது. “அது கன்டினியூட்டி மிஸ்டேக் அப்பத்தா” என்றேன். “அப்படின்னா?” என்றார். சொல்லத் தெரியவில்லை. தெரியாதது வேலையின் விவரம் அல்ல, அதற்கான தமிழ்ச் சொல்தான். அன்று தேட ஆரம்பித்ததுதான் இது.

முதலில் பொருள். சினிமாவைக் கதை வரிசையில் எடுப்பதில்லை. நடிகரின் கால்ஷீட், வீட்டு வாடகை, வெயில் இவற்றைப் பொறுத்து, கடைசிக் காட்சியை முதல் நாளும் முதல் காட்சியைக் கடைசி நாளும் எடுப்பார்கள். ஒரே உரையாடலைக்கூட முதலில் தூரத்திலிருந்து முழுசாக, பிறகு ஒருவர் முகம், பிறகு மற்றவர் முகம் என்று துண்டுதுண்டாக எடுப்பார்கள். ஒட்டிப் பார்க்கும்போது இடைவெளியே இல்லாமல் நடந்ததுபோல் தெரிய வேண்டும். சட்டையில் ரத்தக்கறை எந்தப் பக்கம், கட்டுப் போட்ட கை இடதா வலதா, டம்ளரில் காபி எவ்வளவு, சுவர்க் கடிகாரத்தில் மணி என்ன என்பதையெல்லாம் ஒருவர் குறித்துவைத்துக்கொண்டே இருப்பார். அந்த ஒழுங்குக்குப் பெயர் கன்டினியூட்டி. நம் படப்பிடிப்புகளில் பெரும்பாலும் ஓர் உதவி இயக்குநர் தலையில் இந்த வேலை விழும். ஒரு காலத்தில் நோட்டுப் புத்தகமும் போலராய்டு படமும், இப்போது கைபேசி.

ஷூட்டிங் எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. 1947-ல் வந்த ‘நாம் இருவர்’ படத்தை ஏவி.எம். காரைக்குடி ஸ்டுடியோவில்தான் எடுத்தார்கள். அதன் பிறகுதான் கோடம்பாக்கம். இப்போதும் வாரம் ஒரு வீட்டிலாவது ஜெனரேட்டர் ஓடுகிற மாதிரி இருக்கிறது.

சொல்லின் வேர் லத்தீனில். ‘கான்’ என்றால் கூட, ‘தெனேரே’ என்றால் பிடித்தல். சேர்த்துப் பிடித்தல், விடாமல் பிடித்தல். கண்டம் என்று நாம் சொல்கிற ‘கான்டினென்ட்’, டீயோ சரக்கோ கொள்கிற ‘கன்டெய்னர்’ இரண்டும் இதே வீட்டுப் பிள்ளைகள். மௌனப்பட காலத்தில் ஹாலிவுட்டில் ‘கன்டினியூட்டி’ என்றால் பிழை பார்க்கிற வேலை மட்டும் இல்லை, ஷாட் ஷாட்டாகப் பிரித்து எழுதிய படப்பிடிப்புப் பிரதிக்கே அந்தப் பெயர் இருந்தது. பிறகு பிரதிக்கு வேறு பெயர் வந்து, அதைக் காக்கிற வேலைக்கு இந்தப் பெயர் தங்கியது.

தமிழில் ‘தொடர்ச்சி’ என்று சொல்லிவிடலாம். தப்பில்லை. பள்ளிக் கணக்குப் புத்தகத்தில்கூடத் ‘தொடர்ச்சித் தன்மை’ என்றுதான் வருகிறது. ‘தொடர்’ நல்ல கெட்டியான சொல். பழந்தமிழில் அதற்குச் சங்கிலி என்றே பொருள் உண்டு. புறநானூற்றில் கணைக்கால் இரும்பொறை, தான் சிறையில் கிடக்கும் நிலையைச் சொல்லும்போது ‘தொடர்ப்படு ஞமலி’ என்கிறான்: சங்கிலியில் கட்டிய நாய். பூத் தொடுக்கிறோமே, அந்தத் ‘தொடு’வும் இதற்குச் சொந்தம். லத்தீன்காரன் கையால் பிடித்தான், நாம் கண்ணி கண்ணியாகக் கோத்தோம். துண்டு துண்டாக எடுத்த ஷாட்களைக் கோப்பதற்கு நம் சொல்தான் கூடுதலாகப் பொருந்துகிறது என்று எனக்குத் தோன்றும். ஊர்ப்பெருமை என்று நினைத்தாலும் சரி.

சிக்கல் அதற்கு அடுத்த சொல்லில். தொடர்ச்சி கெட்டுப்போனால் அதற்கு என்ன பெயர்? ‘தொடர்ச்சிப் பிழை’ என்று எழுதுகிறார்கள். புரிகிறது. ஆனால் ‘பிழை’ எனக்கு முழுதாக ஒட்டவில்லை. பிழைத்தல் என்றால் பழைய தமிழில் குறி தவறுதல். ‘யானை பிழைத்த வேல்’ என்று வள்ளுவர் சொல்வது யானை மேல் படாமல் போன வேலை. குறி பிழைத்தால் எதிரில் நின்ற ஆள் தப்பித்தான். அதனால்தானோ என்னவோ, ‘ஆள் பிழைத்தான்’ என்பதும் அதே சொல். கொலைப் படத்துக்கு ஏற்ற சொல்தான், ஆனால் தலைப்பு வைக்க. செம்பு காணாமல் போனதில் யாரும் எதையும் குறி வைக்கவில்லை. கவனம் கொஞ்சம் சறுக்கியது, அவ்வளவுதான்.

சறுக்கலுக்கு இலக்கணத்தில் சொல் தயாராக இருக்கிறது: வழு. வழுவுதல், வழுக்குதல், வழுவழுப்பு எல்லாம் ஒரே குடும்பம். எங்கள் வீடுகளில் தரைக்குப் போடுகிற ஆத்தங்குடிக் கல்லில் ஈரக்காலோடு நடந்தவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை.

ஆத்தங்குடிக் கல் என்றதும் அந்தப் படத்தின் பெரிய வழுவைச் சொல்லியாக வேண்டும். கொலைகாரன் ஒரு வீட்டு முகப்பில் ஏறுகிறான். திண்ணையில் பச்சையும் சிவப்புமாகப் பூப்போட்ட கல். கதவைத் தள்ளி உள்ளே கால் வைக்கிறான். வளவில் நீலமும் மஞ்சளுமாக நட்சத்திரக் கல். சென்னையில் பார்ப்பவருக்கு இது ஒன்றுமே இல்லை, பெரிய வீட்டில் பல தரை இருக்கும்தானே. எங்கள் ஊர்க்காரனுக்கு அப்படி இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, சாயம் கலந்த சிமென்டை ஒவ்வொரு கட்டமாகக் கையால் ஊற்றி, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்துச் செய்கிற கல் அது. எந்தக் கல் எந்த வீட்டில் என்று தெருக்காரர்களுக்குத் தெரியும். அந்தப் பூக்கல் முகப்பு பள்ளத்தூரில் இருக்கிறது. நட்சத்திரக் கல் எங்கள் பங்காளி வீடு. அதாவது கொலைகாரன் பள்ளத்தூரில் படியேறிக் கானாடுகாத்தானில் கால் வைத்திருக்கிறான். அப்பத்தா இதைப் பார்த்துவிட்டு, “பஸ்ஸுல போனாக்கூட இவ்வளவு சீக்கிரம் போக முடியாதே” என்றார்.

இன்னொன்றும் உண்டு. வளவு மேலே திறந்தது. தூணின் நிழல் தரையில் மணி காட்டும். இன்ஸ்பெக்டரும் வீட்டுக்கார அம்மாவும் இரண்டு நிமிஷம் பேசுகிறார்கள். அவர் முகத்தை எடுத்தது காலையில், அந்த அம்மா முகத்தை எடுத்தது சாயங்காலம். அவரைக் காட்டும்போது நிழல் மேற்கே நீளும், அந்த அம்மாவைக் காட்டும்போது கிழக்கே நீளும். கேள்வி காலை பத்து மணிக்கு, பதில் மாலை நாலு மணிக்கு.

இப்படிச் சில வழு எல்லாப் படத்திலும் இருக்கும். காதல் படத்தில் யாரும் கண்டுகொள்வதில்லை. குற்றப் படத்தில் கதை வேறு. அங்கே பார்ப்பவனும் போலீஸோடு சேர்ந்து துப்புத் தேடிக்கொண்டிருக்கிறான். கண் ஒவ்வொரு பொருளாகத் தடவிப் போகிறது. இடம் மாறிய செம்பு அவனுக்குத் துப்பு. இயக்குநர் வைத்த துப்பு எது, உதவி இயக்குநர் விட்ட வழு எது என்று அவனால் பிரிக்க முடியாது. அப்பத்தா அந்தச் செம்பைக் கடைசிவரை மனசில் வைத்திருந்தார். கொலைகாரன் பிடிபட்ட பிறகும், “சரி, செம்ப எடுத்தவன் யாரு?” என்றுதான் கேட்டார்.

இலக்கணக்காரர்கள் வழுவை ஏழாகப் பிரித்தார்கள்: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. இவற்றில் சில சினிமாவுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம்போல இருக்கின்றன. விடை வழுவுக்கு உரையில் வருகிற உதாரணம் பிரசித்தம்: ‘கடம்பூருக்கு வழி யாது?’ என்றால் ‘இடம்பூணி என் ஆவின் கன்று’ என்று பதில். நடுவில் இரண்டு வரியை எடிட்டர் வெட்டிய விசாரணைக் காட்சிகள் பல இப்படித்தான் இருக்கின்றன.

காலவழு என்பது இலக்கணத்தில் ‘நாளை வந்தான்’ என்பது போன்றது. கதை நடக்கும் காலத்துக்கு ஒவ்வாத பொருளைக் காட்டுவதற்கும் இதையே சொல்லலாம். 1980-ல் நடக்கிற கதையில் காரைக்குடித் தெருவில் ‘டிஎன் 63’ வண்டி நின்றால் அது காலவழு. மாநில எழுத்தோடு எண் சேர்ந்த அந்த முறை 1989-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் மூன்று எழுத்தும் அதன் பின் எண்ணும். 63 யாருக்கு உரியதோ அந்தச் சிவகங்கை மாவட்டமே 1985-ல்தான் பிறந்தது. அதே போல, 1995-ல் தண்டனை வாங்கியவன் உடனே மதுரைக் கிளையில் அப்பீல் போடுகிறான் என்றால், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறந்தது 2004 ஜூலையில். ஒன்பது வருஷம் வாசலில் காத்திருந்திருக்க வேண்டும்.

இப்போது வருகிற படங்களில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. கொலை என்றால் ‘முந்நூத்தி ரெண்டு’ என்பது நம் நாக்கில் ஊறிப்போன எண். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் கொலைக்குத் தண்டனை சொல்வது 103-ஆம் பிரிவு. அதே சட்டத்தின் 302 மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவதற்கானது. ஆகவே 2025-ல் நடக்கிற கதையில் இன்ஸ்பெக்டர் விறைப்பாக நின்று “உன் மேல முந்நூத்தி ரெண்டு” என்றால், குற்றவாளி “நான் யார் சாமியைத் திட்டினேன்?” என்று கேட்கலாம். ஆனால் ஒன்று, குற்றம் நடந்தது அந்தத் தேதிக்கு முன்னால் என்றால் பழைய 302-தான் சரி. வழுக் கண்டுபிடிக்கிறவரும் அங்கே வழுக்கலாம்.

மரபு வழுதான் செட்டிநாட்டுக்காரர்களை அதிகம் சீண்டுவது. யானையைப் பார்ப்பவன் பாகன், ஆட்டை மேய்ப்பவன் இடையன். மாற்றிச் சொன்னால் மரபு வழு என்பது இலக்கணப் பாடம். படத்தில் வீட்டுக்கார அம்மா கழுத்துருவை, அதாவது எங்கள் கல்யாணத் தாலியை, போட்டுக்கொண்டு அடுப்படியில் பணியாரம் சுடுகிறார். கழுத்துரு கல்யாணத்தன்று ஏறும், மறுபடி அறுபதாம் கல்யாணத்தில் ஏறும். மற்ற நாளெல்லாம் பெட்டியில். அதைப் பார்த்த எங்கள் வீட்டுப் பெண்கள் கொலையை மறந்துவிட்டார்கள். நீதிபதி சுத்தியலால் மேசையைத் தட்டி “ஆர்டர், ஆர்டர்” என்பதும் இதே வகை. நம் நீதிமன்றங்களில் சுத்தியல் கிடையாது. தகவல் பிழை என்று பொதுவாகச் சொல்வதில் பாதி, பிரித்துப் பார்த்தால் காலவழு, மீதி மரபு வழு. ‘தகவல் பிழை’ என்ற சொல்லையும் கைவிட வேண்டியதில்லை, பொதுப்பெயராக இருக்கட்டும்.

கதையே ஓட்டை என்றால்? அதற்குச் சொல் உருவாக்க வேண்டிய அவசியமே இல்லை. “எங்கேயோ இடிக்குதே” என்கிறோம், “கணக்கு உதைக்குது” என்கிறோம். பேரேடு எழுதி ஐந்தொகை போட்டவர்கள் ஊரில் இதைவிடத் துல்லியமான விமர்சனம் இல்லை. வரவும் பற்றும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். நோட்டு வைத்திருக்கும் அந்த உதவி இயக்குநருக்கும் எங்களிடம் ஒரு பெயர் உண்டு. கடல் கடந்து எங்கள் ஆட்கள் நடத்திய வட்டிக் கடைகளில் முதல் ஆளுக்கு அடுத்த நிலையில் இருந்தவரை ‘அடுத்தாள்’ என்பார்கள். ‘தொடர்ச்சி மேற்பார்வையாளர்’ என்று மூச்சு வாங்குவதற்கு இது எவ்வளவோ மேல். இதை யாரும் ஏற்றுக்கொள்ளப்போவதில்லை என்று தெரியும், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

அப்புறம், படப்பிடிப்பில் நடிகர் வசனம் மறந்து சிரிப்பதை ‘புளூப்பர்’ என்பார்கள். அது படத்துக்குள் வராதது, அதனால் வழுவில் சேராது.

ஆக என் தேர்வு: ஒழுங்குக்குத் தொடர்ச்சி, அது சறுக்கினால் தொடர்வழு. ‘அந்தக் காட்சியில் இரண்டு தொடர்வழு இருக்கிறது’ என்று சொல்லிப் பாருங்கள், வாய்க்கு உறுத்தவில்லை. இந்தச் சொல்லை எடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. அதோடு கூட ‘வழுவமைதி’ வந்துவிடும். பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்றால் திணை வழு. ஆனால் பிரியத்தால் சொன்னது என்பதால் இலக்கணம் அதை ஏற்றுக்கொள்கிறது. தெரிந்தே, காரணத்தோடு விட்ட வழு. எடிட்டர்கள் இதைத் தினமும் செய்கிறார்கள். ஒரு டேக்கில் டம்ளர் சரியான இடத்தில் இருக்கும், நடிப்பு சப்பென்று இருக்கும். இன்னொன்றில் டம்ளர் இடம் மாறியிருக்கும், கண்ணில் உயிர் இருக்கும். இரண்டாவதைத்தான் வைப்பார்கள்.

எங்கள் வளவுச் செம்பும் அப்படித்தானாம். அந்த நாலு நாளும் கூடவே நின்ற பங்காளி ஒருவர் சொன்னார். செம்பில்லாத ஷாட்டில்தான் அந்த அம்மா, வாசலில் நிழல் ஆடியதும் கை நின்று, மூச்சு நின்று, திரும்பாமலேயே பயந்திருக்கிறார். செம்போடு நாலு தடவை எடுத்தும் அது திரும்ப வரவில்லையாம். அப்பத்தாவிடம் இதை விளக்கினேன். படத்தை இன்னொரு தடவை போட்டபோது அந்த இடத்தில் உற்றுப் பார்த்தார்.

“நல்லாத்தான் பயப்படுறா” என்றார். கொஞ்சம் கழித்து, “செம்பு மறுபடியும் காணோம்.”