டாட்டா: சொல்வதா, காட்டுவதா?

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டால் சீக்கிரம் விடுபட முடியாது. அதுவும் துறைமுகத்துப் பக்கம் போகும் சரக்கு வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். பெட்டிகளை எண்ணத் தொடங்கி, முப்பதுக்கு மேல் கணக்குத் தப்பி, ஸ்கூட்டரை அணைத்துவிட்டு நின்ற ஒரு சாயங்காலம். பக்கத்தில் ஒரு ஆயா, இடுப்பில் பேத்தி. (வடசென்னையில் ஆயா என்றால் பாட்டி.) குழந்தைக்கு ஒரு வயசு இருக்கும். ஆயா அதன் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டினார்.

“தோ பாரு, ரயிலு. மாமாக்கு டாட்டா காமி. காமி கண்ணு.”

குழந்தை கையைத் தூக்கி விரல்களை மடக்கி மடக்கி விரித்தது. உள்ளங்கை அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு யார் டாட்டா காட்டினாலும் அவர்களுடைய உள்ளங்கைதானே அதற்குத் தெரிகிறது? பார்த்ததை அப்படியே செய்கிறது. கடைசிப் பெட்டியில் நின்றிருந்த கார்டு, சுருட்டிய பச்சைக் கொடியைப் பிடித்த கையாலேயே பதிலுக்கு ஆட்டிவிட்டுப் போனார். 2022-லிருந்து அவருடைய பதவிக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர். கேட்டில் நிற்கிறவர்களுக்கு அவர் இன்னும் கார்டுதான், குழந்தைக்கு மாமா.

கேட் திறக்கும்வரை எனக்கு ஓடியது இந்த ‘டாட்டா காமி’தான். டாட்டா ஆங்கிலச் சொல், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆங்கிலேயர் யாரும் டாட்டாவைக் ‘காட்டியது’ கிடையாது.

ஆங்கிலத்தில் அது மழலைச் சொல். நாம் குழந்தையிடம் ‘மம்மு’, ‘ஜோஜோ’ என்பதுபோல அங்கே தாய்மாரும் தாதிமாரும் குழந்தையிடம் பேசிய பேச்சு. 1823 வாக்கிலேயே எழுத்தில் பதிவாகியிருக்கிறது. ‘பை பை’யும் இதே தொட்டில் ஜாதி, ஆனால் அதற்குப் பின்னால் ஒரு பரம்பரை இருக்கிறது. ‘கடவுள் உன்னோடு இருக்கட்டும்’ என்ற முழு வாக்கியம் தேய்ந்து ‘குட்பை’ ஆகி, அது மேலும் தேய்ந்து ‘பை’ ஆனது. டாட்டாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. வெறும் ஒலி. ஆங்கிலக் குழந்தைப் பேச்சில் இன்னொரு பொருளும் உண்டு: வெளியே உலாவப் போவது. நம் வீட்டிலும் செருப்பை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கும் பிள்ளையிடம் “டாட்டா போலாமா?” என்கிறோம் இல்லையா, அதேதான்.

சொல் கப்பலேறி இங்கே வந்தபின் ஒரு மாற்றம் நடந்தது. ஆங்கிலத்தில் டாட்டா என்பது வாயால் சொல்வது, கையால் செய்வதற்கு வேறு வினைச்சொல் இருக்கிறது. தமிழில் டாட்டா அந்தச் சைகையின் பெயராகவே ஆகிவிட்டது. அதனால்தான் அதோடு ‘காட்டு’ வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘டாட்டா சொல்லு’ என்றும் சொல்வோம், ஆனால் அப்போதும் பிள்ளை கையை ஆட்டினால் போதும். வாயைத் திறக்காவிட்டால் யாரும் குறை சொல்வதில்லை. வாயால் மட்டும் ‘டாட்டா’ என்று சொல்லிவிட்டுக் கையைச் சும்மா வைத்திருந்தால்தான் “கையக் காட்டு” என்று அதட்டல் வரும்.

எழுத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் தப்பு நிறைய நடக்கிறது. தமிழில் இரண்டு உயிர்களுக்கு நடுவில் ஒற்றையாக வரும் டகரம் மெலிந்து ஒலிக்கும்: ‘பாடம்’. இரட்டித்தால் வல்லொலி: ‘பாட்டம்’. ஆகவே கையாட்டும் சொல்லுக்கு ‘டாட்டா’ என்று எழுதுவதே நம் ஒலிமுறைக்குச் சரி. ‘டாடா’ என்றால் அது ‘டாடி’க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். டாடா நிறுவனத்தின் பெயரை நாம் ஒற்றை டகரத்தில் எழுதி, இரட்டையாகப் படிக்கிறோம், அது பழக்கம். இரண்டுக்கும் உறவு கிடையாது. அது ஒரு பார்சிக் குடும்பத்தின் பெயர். ஜம்சேத்ஜி டாடா தொழில் தொடங்கியது 1868-ல். அதற்கு முன்பே ஆங்கிலக் குழந்தைகள் டாட்டா சொல்லிக்கொண்டிருந்தார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகிறவர்களுக்கு மட்டும் சந்தேகம் வருவது நியாயம். முதுகில் ‘ஓகே டாடா’ என்று எழுதிய லாரி ஏதோ நமக்கு விடை கொடுப்பதுபோலவே இருக்கும்.

சொல்லின் முதலில் டகரம் வரலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. எனவே டாட்டா பிறப்பால் தமிழாக இருக்க வழியே இல்லை. சரி, இதற்குத் தமிழ் என்ன?

எல்லோரும் உடனே சொல்வது ‘கையசைத்தல்’. சரியான சொல்தான். ஆனால் அது எங்கே புழங்குகிறது என்று பாருங்கள். தலைவர் வேனில் நின்றபடி தொண்டர்களை நோக்கிக் கையசைத்தார் என்று நாளிதழ் எழுதும். டாட்டா காட்டினார் என்று எழுதினால் ஆசிரியர் வேலை போய்விடும். தண்டையார்பேட்டை பையன் கடந்துபோகும் எக்ஸ்பிரஸைப் பார்த்துக் ‘கையசைத்தான்’ என்று அவன் அம்மா சொல்லமாட்டாள். சைகை ஒன்றுதான். பதவிக்கு ஒரு சொல், பாவாடை சட்டைக்கு ஒரு சொல் என்று ஆகிவிட்டது.

மற்றவை ஒவ்வொன்றும் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கின்றன. ‘கைவீசுதல்’ நடையின் வீச்சு. விசேஷ வீட்டுக்குப் பழம்கூட வாங்காமல் வந்தவனைத்தான் ‘கைய வீசிக்கினு வந்தான்’ என்போம். ‘கைகாட்டுதல்’ என்றால் பஸ்ஸை நிறுத்துவது, ஆளைச் சுட்டுவது, ஜோசியரிடம் ரேகையை நீட்டுவது என்று பல வேலை. ‘கையமர்த்துதல்’ கூட்டத்தைப் பேசாதிரு என்று அடக்குவது. ‘கைவிரித்தல்’ பற்றிக் கடன் கேட்டுப் போனவர்களைக் கேளுங்கள்.

‘உதறுதல்’ என்றும் ஒன்று உண்டு. அதை நான் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் அவமானம். ஏழெட்டு வயசில், தண்டவாளத்தை ஒட்டிய சுவரில் ஏறி உட்கார்ந்து, ஹவுரா போகும் கோரமண்டலுக்கு டாட்டா காட்டுவது எங்கள் செட்டின் அன்றாடக் கடமை. யாருக்குப் பதில் டாட்டா அதிகம் கிடைத்தது என்று கணக்கும் வைத்திருந்தோம். ஒரு நாள் கதவோரம் நின்றிருந்த ஒருவர் என்னைப் பார்த்துக் கையை அப்படி ஆட்டினார், மணிக்கட்டு கழன்றுவிடும்போல. நானும் எழுந்து நின்று இரண்டு கையாலும் காட்டினேன். பெட்டி எங்களைத் தாண்டும்போது முகத்தில் தெறித்தது தண்ணீர். டிபன் டப்பாவைக் கழுவிவிட்டுக் கையை உதறியிருக்கிறார் மனிதர். அந்தப் பதிலைக் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்று சண்டை வந்து, ‘அவர் உன்னப் பாத்தாரா இல்லியா’ என்பதில் நின்றது. பார்த்தார் என்று நான் சாதித்தேன்.

விளையாட்டாகத் தோன்றினாலும் சொல்லாராய்ச்சிக்கும் அந்தக் கேள்விதான் முக்கியம். ஒரு பொருளும் இல்லாத கையாட்டலை டாட்டா ஆக்குவது எது? விடைபெறுதலா? அப்படியென்றால் ‘விடை’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். விடை என்றால் பதில், அனுமதி. கேட்டால்தான் கிடைக்கும். வடசென்னையில் இது இன்னும் பச்சையாக உயிரோடு இருக்கிறது. டீக்கடையிலிருந்து கிளம்புகிறவன் “அப்ப வர்ட்டா?” என்பான். வரட்டுமா என்பதன் சுருக்கம். கேள்வி. மற்றவன் “ம், வா” என்பான். அதுதான் விடை. போகிறவன் வரட்டுமா என்கிறான், இருப்பவன் வா என்கிறான், ‘போ’ என்ற சொல்லை இருவருமே தொடவில்லை. ‘போறேன்’ என்று வாய் தவறிச் சொன்னால் ‘போய்ட்டு வரேன்னு சொல்லு’ என்று திருத்துகிற வீடுகளில்தானே நாம் வளர்ந்தோம்.

இந்த வர்ட்டாவை ஓடும் ரயிலிடம் சொல்ல முடியுமா? கடந்துபோகிறவர் திரும்பி வரப்போவதில்லை. வந்தாலும் அடையாளம் தெரியாது. அவரிடம் அனுமதி கேட்கவும் இல்லை, அவர் கொடுக்கவும் இல்லை. சந்திக்காதவரிடம் பிரிவேது? தமிழின் பிரிவுச் சொற்கள் போய்வா, சென்றுவருக, வழியனுப்புதல் எல்லாமே உறவை முன்னால் வைத்துக்கொண்டு பேசுகின்றன. முன்பின் தெரியாதவருக்கு அவற்றில் இடம் இல்லை. பொருளே இல்லாத ஒரு மழலை ஒலி அந்த இடத்தில் வந்து சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது என்பது என் கணிப்பு.

தெரியாதவருக்குப் பழைய சொல் ‘ஏதிலார்’. காதலர்கள் ஊர் கண்ணுக்கு அஞ்சி, ஏதிலார்போல ஒருவரையொருவர் ‘பொதுநோக்கு’ நோக்குவார்கள் என்று குறிப்பறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்வார். ரயில் ஓரத்தில் நடப்பது அதற்கு நேர் தலைகீழ். ஏதிலாரை உறவுபோல நோக்குவது. ஆயா அதற்கு ஒரு வழியும் வைத்திருக்கிறார்: ‘மாமாக்கு’ டாட்டா காமி. முதலில் முறை வைத்துவிடுகிறார், அப்புறம்தான் கை.

ரயில்வேயிலேயே இதற்கு ஒரு தமிழ்ச்சொல் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பழைய சிக்னல் கம்பத்தின் உச்சியில் ஒரு பலகைக் கை இருக்கும். நேராக நீட்டியிருந்தால் நில், சாய்ந்தால் வா. அதற்கு ஊர்மக்கள் வைத்த பெயர் ‘கைகாட்டி’. ‘கைகாட்டி எறங்கிடுச்சு’ என்றால் வண்டி வந்துவிட்டது என்று பொருள். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது ராயபுரத்திலிருந்து. ஆகவே போகிற வண்டியைப் பார்த்து நிற்பதில் தெற்கே எங்கள் பக்கத்து ஆட்களுக்குத்தான் அனுபவம் அதிகம். வண்டி ஸ்டேஷனைக் கடக்கும்போது கார்டும் ஸ்டேஷன் ஊழியரும் ஒருவருக்கொருவர் பச்சைக் கொடி காட்டிக்கொள்வது எல்லாம் சரி என்பதற்கான முறையான சைகை. அதையும் சுவர் மேல் உட்கார்ந்திருந்த நாங்கள் எங்கள் கணக்கில்தான் எழுதிக்கொண்டோம்.

டாட்டாவுக்கு ஒரு கெட்ட பெயரும் சேர்ந்திருக்கிறது. சீட்டுப் பணத்தோடு காணாமல் போனவன் ‘டாட்டா காட்டிட்டான்’. கம்பி நீட்டினான், அல்வா கொடுத்தான் என்பவற்றின் தம்பி. இங்கேயும் திரும்பி வராதவனுக்குத்தான் அந்தச் சொல் போயிருக்கிறது. யாரும் ‘சீட்டுக்காரன் வர்ட்டா சொல்லிட்டான்’ என்பதில்லை.

என்னைக் கேட்டால், கட்டுரையிலும் செய்தியிலும் ‘கையசைத்தல்’ என்று எழுதலாம், குறையில்லை. பிள்ளைகள் பேச்சில், கதையில், ரயில் ஓரத்தில் டாட்டாவைத் திருத்தப் போகவேண்டாம். ‘வழிக்கையசைப்பு’ என்று ஒன்றை ஒட்டவைத்துப் பார்த்தேன். ஆயா வாயில் அதை வைத்து நினைத்துப் பார்த்ததும் கைவிட்டேன்.

2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தபின், டோல்கேட் தாண்டி மொட்டை மாடிகளுக்குப் பக்கத்தில் ரயில் போகிறது. துணி காயப்போட வந்த பிள்ளைகள் டாட்டா காட்டுகிறார்கள். பெட்டிக்குள் எல்லோரும் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். போன வாரம் காலடிப்பேட்டை தாண்டும்போது ஒரு மாடியில் ஒரு பையன் காட்டினான். நானும் காட்டினேன். கண்ணாடி வழியே அவனுக்குத் தெரிந்ததா என்று பார்ப்பதற்குள் அடுத்த மாடி வந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர், “தெரிஞ்ச பையனா சார்?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.